இரைச்சலின் ஊற்றுக்கண்

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகின்றது என்பது ஊரறிந்த செய்தி. பாடுவது மீன்தானா என்பது இன்னும் தீராத வழக்கு. 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இரவு வேளையில் இவ்வாவியிற் படகேறிய குடியேற்றநாட்டுச் செயலாளர் எமேர்சன் தெனன்ற், நனைந்த விரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது பிறக்கும் மெல்லொலியை அது ஒத்திருந்ததென, 1859இல் வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலில் எழுதினார். படகின் மரத்திலே காதை வைத்தபோது ஒலி மிகுந்து கேட்டதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. ஓசைக்கு உரியது மீனன்று, ஊரியே என்பது அவர் சார்ந்து நின்ற கருத்து. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளோ அதே நீரில் இசைச் சுரங்களைக் கேட்டு, அவற்றை நீரரமகளிரின் பாடலாகக் கண்டார். பழந்தமிழ் யாழின் இலக்கணத்தைத் தேடி அவர் ஆக்கிய 'யாழ் நூல்' 1947இல் அரங்கேறியது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், அமெரிக்க யேசுசபைத் துறவியாகிய லாங் அடிகளார் செய்த ஒலிப்பதிவு இலங்கை வானொலியில் ஒலிபரப்பாகி, வாவியைக் கண்டிராதோரும் அவ்வோசையைக் கேட்டனர். வாவியில் வலை வீசுவோர் இக்கருத்து வேறுபாடுகளிற் பங்குகொண்டவரல்லர். துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கேட்பதே அவர்தம் முறை. அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. ஆதலால் இரைச்சல் என்னும் தொல்லையும் இல்லை.

மின்சாரத்தைக் கொண்டு அவ்வோசையைக் கேட்க விரும்பிய ஒருவரிடமிருந்தே இக்கதை தொடங்குகின்றது. கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்றிடலில், வாவியை நோக்கிய ஒரு வீட்டில் அவர் வாழ்கின்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து, இரண்டு ஒலிவாங்கிகளை ஒருங்கே இணைக்கக்கூடிய ஒலி இடைமுகப் பெட்டி ஒன்றை அவர் வாங்கினார். ஒலிவாங்கி தரும் நுண்ணிய மின்னலைவைப் பெருக்கி, எண்களாக்கி, மடிக்கணினிக்கு அனுப்புவதே அப்பெட்டியின் வேலை. அழைப்புமணியிற் காணப்படும் பித்தளைத் தகட்டாலான பீசோ வில்லையொன்றைச் சிலிக்கன் பசையால் நீர்புகாது மூடி, நீண்ட கம்பியிற் கட்டி, முழுநிலா நாளொன்றில் வீட்டின் பின்புறத்து இறங்குதுறையில் அமிழ்த்தினார். விறாந்தையிற் கணினி; காதிலே செவிப்பன்னி. கேட்டது ஓர் ஆழ்ந்த, இடையறாத, ஒரே நிலையில் நிற்கும் ஓசை.

"புள்ள, மீன் பாடுது" என்று பேர்த்தியைக் கூவி அழைத்தார். அவள் கல்லடியிலேயே, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை பயிலும் மாணவி. சிறிது நேரம் கேட்டாள். கைத்தொலைபேசியிற் சுருதி அளக்கும் கருவியைத் திறந்து பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசாமற் கணினியின் மின்னூட்டிச் செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். மீன் பாடுவதை நிறுத்திற்று.

இலங்கையின் மின்வழங்கல் நொடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. அதன் மீடிறனும், அதன் இரட்டிப்பாகிய 100உம், மும்மடங்காகிய 150உம் கலந்து ஒலிக்கும் உறுமலைத் தலைமுறை தலைமுறையாக மாணாக்கருக்கு விளக்கியவர், தாம் கேட்க விரும்பியது கேட்டபோது அதனை அடையாளங் காணவில்லை. இத்தகைய தவறு அறியாமையால் விளைவதன்று. விருப்பம் முன்னாற் செல்ல, அறிவு பின்னால் நடந்ததன் விளைவு அது.

உறுமல் நீங்கிய பின்னர் எஞ்சியது, எண்ணெய்ச் சட்டியிற் கடுகு பொரிவது போன்ற ஓயாத சடசடப்பு. இம்முறை அவர் ஏமாறுவதில்லை என்று உறுதிகொண்டார். சடசடப்பு என்றால் இணைப்புத் தளர்வு. அல்லது கடற்காற்றில் உவர் படிந்த முனை. கம்பியை மாற்றினார். முனைகளை உரசி மீண்டும் ஈயம் பற்றவைத்தார். பீசோ வில்லை மிகுந்த தடை கொண்டது. அதனை ஒலிவாங்கிக்குரிய வாயிலில் இணைத்தால் தாழ்ந்த சுரங்கள் அனைத்தும் வழியிலேயே இழக்கப்படும் என்பதும் அப்போது நினைவுக்கு வந்து, பத்து இலட்சம் ஓம் தடையுள்ள கித்தார் வாயிலுக்கு மாற்றினார். ஓசை தடித்துத் தெளிந்தது. சடசடப்பு மட்டும் நின்றபாடில்லை. நீரிலிருந்து வில்லையைத் தூக்கினால் நின்றது, அமிழ்த்தினால் தொடங்கிற்று.

விடை கிடைத்தது எதிர்பாராத இடத்திலிருந்து. வீட்டு ஒலிப்பதிவறைகளை அமைப்போர் வேதம் போற் கொள்ளும் ஒலியியற் கைந்நூல் ஒன்றுண்டு. அற்றன் எவறெஸ்ற் என்னும் அமெரிக்கர் எழுதி 1981இல் முதலில் வெளிவந்தது. அறையின் எதிரொலியைப் பற்றி அறிய அந்நூலை வாங்கிய ஆசிரியர், அதன் ஆக்கியோன் இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் கடலடி ஒலி ஆய்வில் ஈடுபட்டவர் என்பதையும், பகைவரின் நீர்மூழ்கிகளுக்குச் செவிகொடுத்த கருவிகளைக் குழப்பிய சடசடப்பை ஆராய்ந்து, கிளிக்கி இறால் பற்றி 1948இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையை எழுதிய மூவருள் ஒருவர் என்பதையும் கண்டார். வெப்பநாட்டு ஆழமற்ற நீரில் வாழும் அச்சிற்றிறால், தன் பெரிய கொடுக்கைச் சடுதியாக மூடும்போது நீரில் ஒரு குமிழி தோன்றி உடைகின்றது, அவ்வுடைவே ஓசை. பல்லாயிரம் இறால்கள் சேர்ந்தால் அதுவே பொரியல் ஓசையாகின்றது. ஆக, ஆசிரியர் மீன் என்று கொண்டது பழுது. பழுது என்று கொண்டது உயிர். மீனின் பாடலை அவர் அந்தப் பருவத்திற் கேட்கவேயில்லை.

இது நிகழ்ந்தது 2021இல். அவ்வாண்டின் இறுதியில், மாரிமழை ஓயுமுன், அவரது வீட்டுக்கு ஓர் அண்ணாவியார் வரத்தொடங்கினார். வயது எண்பதைக் கடந்தவர். ஆசிரியரின் தந்தையார் ஒரு காலத்தில், இந்த அண்ணாவியாரின் தந்தையாருடைய களரியிற் பிற்பாட்டுப் பாடியவர். அப்பாடல்களை ஒரு கோடை விடுமுறையில் ஆசிரியர் ஒலிநாடாவிற் பதிந்து வைத்திருந்தார். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாட் காலையிற் கடல் எழுந்து கல்லடிக்குள் வந்தபோது, நாடா இருந்த அலுமாரியும் அதனோடு போயிற்று. தந்தையாரின் குரல் என்று இன்று எதுவும் இல்லை. அதே களரியின் மெட்டுகளை இன்னும் நினைவில் வைத்திருப்பவர் இம்முதியவர் ஒருவரே.

கூத்தின் சொற்கள் அழிந்துவிடவில்லை என்பது உண்மை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'அலங்காரரூபன் நாடக'த்தை 1962இற் பதிப்பித்தார். பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடைக்கேற்ப அமைத்து அரங்கேற்றி, விடிய விடிய ஆடப்பட்ட ஒரு கலையைக் கற்றோர் மன்றத்திலும் தலைநிமிரச் செய்தார். வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வெளிவந்தது. எனினும் அச்சிலே சொல் நிற்குமேயன்றி மெட்டு நிற்பதில்லை. 'தரு' என்றும் 'விருத்தம்' என்றும் ஏட்டிலே தலைப்பிருக்கும். அந்தத் தரு எவ்விடத்தில் இழையும், எவ்விடத்தில் அறுந்து தாளக்கட்டுக்கு இடங்கொடுக்கும் என்பது அண்ணாவியாரின் தொண்டையிலேதான் இருக்கின்றது. ஆகவே இம்முறை நாடாவில் அல்லாமற் கணினியிற் பதிந்து, பல படிகள் எடுத்துப் பல இடங்களில் வைப்பது என்று முடிவாயிற்று.

ஒருகாலத்தில் நெல்மூடைகள் அடுக்கிய பத்தடிக்குப் பத்தடி அறையே ஒலிப்பதிவறை. அண்ணாவியாரின் முன் ஒரு கொண்டென்சர் ஒலிவாங்கி. அவருடைய மருமகன் மூலையில் அமர்ந்து மத்தளம் அடிக்க, அதற்கொரு டைனமிக் ஒலிவாங்கி. சல்லரி பேர்த்தியின் கையில். 2022 சனவரியில் ஒரு பிற்பகல் முழுவதும் பதிந்தார்கள். தேநீர் குடித்து, வெற்றிலை போட்டு, மனநிறைவோடு பிரிந்தார்கள். இரவில் ஆசிரியர் செவிப்பன்னியை மாட்டிக் கேட்டார். குரலுக்கடியில் உறுமல். மத்தளத்தின் ஒவ்வொரு பலத்த அடியிலும் கிழிந்த துணியின் ஓசை. பாடலோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. பாட்டின் நடுவில் அண்ணாவியார் இருமுறை தாளந் தப்பியிருந்தார். அறுபது ஆண்டுகளாகத் தாளம் தப்பாதவர்.

நான்கு குற்றங்கள். நான்குக்கும் காரணம் ஒன்றே என்று எண்ணிப் புதிய பெட்டி வாங்க முற்படுவதே இத்தகைய வேளைகளிற் பலர் செய்வது. ஆசிரியர் அவ்வாறு செய்யவில்லை. ஆய்வுகூடத்தில் மாணாக்கருக்குச் சொன்னதையே தமக்கும் சொல்லிக்கொண்டார்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை.

உறுமலை ஒழிக்க ஒன்பது நாட்கள் சென்றன. முதலில் ஒலிவாங்கிகள் இரண்டையும் கழற்றிவிட்டுப் பதிந்தார். உறுமல் குறைந்தது, மறையவில்லை. ஆகவே ஒரு பகுதி கம்பி வழியாகவும் மறுபகுதி பெட்டி வழியாகவும் வருகின்றது. மின்னூட்டியைப் பிடுங்கிக் கணினியை மின்கலத்தில் இயக்கினார். இரண்டாவது பகுதி பெரிதும் அடங்கிற்று. கணினி ஒரு சுவர்க் குதையிலும் ஒலிபெருக்கி மறு அறைக் குதையிலும் இணைக்கப்பட்டிருந்தன. இரண்டும் தனித்தனியே புவியோடு தொடுக்கப்பட்டு, ஒலிக்கம்பியாலும் தம்முள் இணைந்திருந்தமையால், ஒரு பெரிய வளையம் தோன்றி, அதனூடாக மின்வழங்கலின் கசிவு சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒரே குதையிலிருந்து பிரித்தெடுத்தபோது வளையம் குறுகிற்று.

இவ்விடத்தில் அயலிலுள்ள மின்வேலை இளைஞன் ஒருவன் எளிய வழியொன்று சொன்னான்: புவித்தொடுப்பு முனையை முறித்துவிட்டால் உறுமல் நின்றுவிடும். நிற்கும் என்பது உண்மை. கருவியிற் கசிவு ஏற்படும் நாளில் அம்மின் புவிக்குச் செல்ல வழியின்றி, ஈரத் தரையில் நின்று ஒலிவாங்கியைப் பற்றியிருப்பவரின் உடலினூடாகச் செல்லும் என்பதும் உண்மை. ஆசிரியர் பிறரைக் கடிந்து பேசாதவர். அன்று பேசினார். பின்னர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புவித்தொடுப்புக் கோலைத் தேடிச் சென்றார். காய்ந்த மணல் மின்னைக் கடத்த மறுப்பது. கோலின் பிணைப்போ துருவேறிப் பொடியாகியிருந்தது. ஈரமணல் காணும் மட்டும் தோண்டிப் புதிய கோல் இறக்கிப் பிணைப்பைப் புதுப்பித்தார். ஒலிப்பதிவுக்காகத் தொடங்கிய வேலை, அவ்வீட்டில் உறங்குவோரின் உயிருக்கும் காவலாயிற்று.

கம்பி வழியாக வந்த உறுமல் மத்தளத்தின் பதிவிலேதான் மிகுதி. குரலுக்குரிய கம்பியில் மூன்று முனைகள்; மத்தளத்துக்குரியதிற் கடைசியில் இரண்டே. வேறுபாடு இதிலே தங்கியிருந்தது. மூன்று முனைக் கம்பியில், ஒரே ஒலி நேராக ஒன்றிலும் தலைகீழாக மற்றொன்றிலும் செல்கின்றது. வழியில் ஒட்டிக்கொள்ளும் உறுமல் இரண்டிலும் ஒரே விதமாக ஒட்டுகின்றது. கடைசியிற் பெட்டி அவற்றுள் ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டுகையில் ஒலி இரட்டிக்கின்றது. உறுமல் தன்னைத் தானே அழித்துக்கொள்கின்றது. இரண்டு முனைக் கம்பிக்கு இந்த உபாயம் தெரியாது. அது, போதாக்குறைக்கு, மின்விசிறியின் நீட்டுக்கம்பியோடு பின்னிப் பிணைந்து தரையிற் கிடந்தது. கம்பியை மாற்றி, மின்கம்பியை அது கடக்க நேரும் இடத்திற் குறுக்காகக் கடக்கச் செய்தார். விசிறியின் வேகத்தைக் குறைக்கும் கட்டுப்படுத்தியிலிருந்து வந்த ரீங்காரம், விசிறியை முழு வேகத்தில் விட்டபோதும் முற்றாக நிறுத்தியபோதும் இல்லாதொழிந்தது. முழு வேகத்திற் காற்று ஒலித்தது. நிறுத்தினால் வியர்வை ஒழுகிற்று. வியர்வை தெரிவு செய்யப்பட்டது.

மத்தளத்தின் கிழிசலுக்குக் காரணம் கருவியன்று, பழக்கம். நாடாக் காலத்தில், நாடாவின் சொந்தச் சீறலுக்கு மேலே குரல் எழும்பி நிற்கவேண்டும் என்பதற்காக முள்ளைச் சிவப்புக் கோட்டின் அருகே வைத்திருப்பார்கள். சற்றே மிஞ்சினாலும் நாடா பொறுத்துக்கொள்ளும். எண்முறைப் பதிவு பூச்சியத்துக்கு மேலே ஒரு துளியும் பொறுப்பதில்லை. அலையின் தலையை வெட்டிவிடும். வெட்டுண்ட தலையை எந்த மருந்தும் ஒட்டாது. 24 பிற் பதிவிலே தாழ்வாகப் பதிதல் குற்றமுமன்று. உச்சம் பூச்சியத்துக்கு 12 டெசிபெல் கீழே நிற்குமாறு குமிழைத் திருகியதோடு அது தீர்ந்தது.

தாளந் தப்பியதன் காரணத்தை அண்ணாவியாரே சொன்னார். அன்று அவருக்கும் ஒரு செவிப்பன்னி மாட்டப்பட்டிருந்தது.

"ஆரோ ஒருத்தன் எனக்குப் பின்னால பாடுறான் மனே. நான் நிப்பாட்டின மறுகாத்தான் பிற்பாட்டு வாறது. இவன் நான் பாடிக்கிட்டிருக்கக்குள்ளயே வாறான்."

அந்த ஒருவன் அவரே. கணினி ஒலியைச் சிறுசிறு பொதிகளாக்கிக் கையாள்கின்றது. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது, பொதி ஒன்றுக்கு 1,024 மாதிரிகள் எனின், ஒரு பொதி நிறையவே 21 மில்லி நொடி செல்லும். போய்த் திரும்புகையில் அது இரட்டிக்கும். பேசுவோருக்கு அது பொருட்டன்று. தாளத்திலே வாழ்பவருக்கு அது பிறிதோர் ஆள். பொதியை 128ஆகக் குறைக்கலாம். செவிப்பன்னியைக் கழற்றியும் விடலாம். வாழ்நாளிற் செவிப்பன்னியின்றிப் பாடியவருக்குப் பின்னதே பொருந்திற்று.

அறை மட்டும் அடங்க மறுத்தது. நீளமும் அகலமும் ஒன்றேயான அறை ஒலிக்குக் கொடியது. பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்களுக்கிடையில் ஏறத்தாழ 57 ஹேர்ட்ஸ் மீடிறனுள்ள ஓசை தங்கித் தங்கி வளர்கின்றது. நான்கு சுவர்களும் அதே மீடிறனையே வளர்க்கின்றன. மூலையில் அது உச்சம். மத்தளக்காரர் இருந்ததோ மூலை. நம் பாடநூல்கள் இந்நிகழ்வுக்குப் 'பரிவு' என்று பெயர் சூட்டியிருக்கின்றன. இரக்கத்துக்குரிய சொல்லை இயற்பியலுக்குக் கொடுத்தவர் யாரோ, அவர் வாழ்க. ஆசிரியர் சுவரெங்கும் புற்பாய்களும் சேலைகளும் தொங்கவிட்டார். மெல்லிய துணி உயர்ந்த சுரங்களை மட்டுமே விழுங்கியது. குரல் மங்கிற்று, குமுறல் அப்படியே நின்றது. தும்பு மெத்தைகள் இரண்டை மூலைகளில் நிறுத்தியபோது ஓரளவு பயன் கண்டது. அன்றிரவு வீட்டார் தரையிற் படுத்தார்கள். அவர் மனைவி அதுபற்றிச் சொன்னவை இங்கு வேண்டியதில்லை.

இடையில், முதல்நாட் பதிவையே காப்பாற்ற இயலுமா என்றும் அவர் பார்த்தார். ஒருவரும் பாடாத இடத்திலிருந்து இரைச்சலின் மாதிரியை எடுத்து, பதிவு முழுவதிலும் அதனைக் கழித்துவிடும் மென்பொருள் உண்டு. கழித்தார். உறுமல் போயிற்று. அதனோடு சல்லரியின் கார்வை போயிற்று. அடியெடுக்குமுன் அண்ணாவியார் இழுக்கும் மூச்சுப் போயிற்று. எஞ்சிய குரல் நீருக்கடியிலிருந்து பாடுவது போலாயிற்று. நீரரமகளிர் இப்படித்தான் பாடுவார்களோ என்று பேர்த்தி கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. மென்பொருளை மூடிவிட்டார்.

அதன் பின்னர் நாடே இருண்டது. 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் எரிபொருள் இல்லை. எரிபொருள் இல்லாமையால் மின்சாரம் இல்லை. மார்ச்சு இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை நீண்டது. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசைகள். மருந்துக்கும் தட்டுப்பாடு. அத்தகைய ஓர் இரவில், விளக்குகள் அணைந்த சற்று நேரத்தின் பின், ஆசிரியர் வழக்கம்போல் மின்கலத்திற் கணினியை இயக்கிச் செவிப்பன்னியை மாட்டினார். ஒன்பது நாட்கள் போராடியும் ஒழியாத கடைசி உறுமல், சுவருக்குள் ஓடும் கம்பிகளிலிருந்து வந்துகொண்டிருந்த அந்த மெல்லிய நிழல், அறவே இல்லை. அயல் முழுவதிலும் குளிர்சாதனப் பெட்டிகள் இல்லை, விசிறிகள் இல்லை, தொலைக்காட்சிகள் இல்லை. எரிபொருள் இன்மையால், 2013இல் திறந்த புதிய கல்லடிப் பாலத்திலும் வாகனங்கள் அருகின. சனங்களின் துன்பத்திலிருந்து கிடைத்த அமைதி அது. அதனை நல்வாய்ப்பு என்று சொல்ல அவருக்கு நாக்கூசிற்று. ஆயினும் மறுநாட் காலையில் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து, அண்ணாவியார் வீட்டுக்குச் சென்றார்.

அறையும் கைவிடப்பட்டது. சுவரில்லாத இடத்தில் எதிரொலிக்குச் சுவரேது? முற்றத்து மணலில், வேப்பமரத்தின் கீழ், பாய் விரித்தார்கள். வட்டக்களரியில் ஆடிய கலைக்கு அறையொன்றைத் தேடியதே முதற் பிழை என்பது, மெத்தைகளைச் சுமந்த தோள்களுக்குப் பிந்தித்தான் விளங்கிற்று. ஒலிவாங்கிக்குக் காற்றுத் தடையாகப் பஞ்சுறை இட்டார்கள். மத்தளத்தைப் பத்தடி தள்ளி வைத்தார்கள். கைவிளக்கு ஒன்று மட்டும். அண்ணாவியார் இருந்து பாட மறுத்து எழுந்து நின்றார். கால்கள் தாமாக மிதித்தன. அவர் முன்னும் பின்னும் அசைவதற்கேற்ப ஒலிவாங்கியைச் சற்று விலக்கி வைத்தமையாற் குரல் கூடிக் குறையவில்லை. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் பாடினார். கிழக்கே கடலின் இரைச்சல் பதிவில் இருக்கின்றது. அதனை நீக்கும் எண்ணம் எவருக்கும் எழவில்லை.

மறுநாள் மின் வந்ததும் ஆசிரியர் கேட்டார். உறுமல் இல்லை. கிழிசல் இல்லை. கிணறு இல்லை. ஆனால் அங்குமிங்கும் ஒரு நுண்ணிய சடசடப்பு. அவர் கைகள் தாமாகவே கம்பியை நோக்கிச் சென்றன. முனைகளைத் துடைத்தார். வேறு கம்பியிட்டு வெற்றிடத்தைப் பதிந்து பார்த்தார், ஒன்றுமில்லை. மத்தளத்தின் பதிவைத் தனியே கேட்டார், அதிலும் இல்லை. குரலின் பதிவில் மட்டுமே அது இருந்தது. வழக்கம்போல் எழுதத் தொடங்கினார்: எந்த மணித்துளியில், எந்த அடியில். இருபதுக்கு மேற்பட்ட இடங்களைக் குறித்த பின்னரே ஒழுங்கு புலப்பட்டது. சடசடப்பு ஒருபோதும் சொல்லின் மேல் விழவில்லை. ஒவ்வொரு முறையும் அடிக்கு முந்தி, அண்ணாவியார் மூச்சை உள்ளே இழுக்கும் அந்த அரைநொடியில் மட்டுமே எழுந்தது. முதல் மணித்தியாலத்தில் அரிது, இரண்டாவதில் அடிக்கொன்று.

சனவரிப் பதிவைத் திறந்து பார்த்தார். உறுமலுக்கும் குமுறலுக்கும் கீழே, கூர்ந்து கேட்டால், அது அங்கும் இருந்தது, சற்றுக் குறைவாக.

அன்று மாலையே அவர் கணினியையும் செவிப்பன்னியையும் எடுத்துக்கொண்டு நடந்தே சென்றார். அண்ணாவியார் திண்ணையில் இருந்தார். ஆசிரியர் பேச்சைச் சுற்றி வளைத்து, வைத்தியசாலைக்குப் போகவேண்டும், நெஞ்சைக் காட்டவேண்டும், தாமே கூட்டிச் செல்வதாகவும் சொன்னார். காரணம் கேட்கப்பட்டபோது, செவிப்பன்னியை அவர் தலையில் மாட்டி, இரண்டாம் மணித்தியாலத்திலிருந்து ஒரு தருவை ஓடவிட்டார். முதியவர் கண்களை மூடிக்கொண்டார். விரல்கள் முழங்காலிற் தாளமிட்டன. பாட்டு முடியும்வரை அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"மூச்சு வாங்குது" என்றார். "அது கிடக்கட்டும் மனே. போவம், காட்டுவம். ஆனா மூணாவது அடியில மெட்டுப் பிழைச்சுப் போச்சு. உங்கட அப்பா அந்த இடத்தில இப்படி இறக்கமாட்டார். அவர் மேல வெச்சுத்தான் பிற்பாட்டு எடுப்பார்."

மெல்லிய குரலில் அந்த இடத்தை மட்டும் பாடிக் காட்டினார். ஆசிரியர் பதியவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். 2004இற் கடல் கொண்டுபோன நாடாவில் அந்த மேல்வைப்பு இருந்தது. அவருக்கு அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அண்ணாவியார் செவிப்பன்னியைக் கழற்றிக் கையிற் கொடுத்தார்.

"நாளைக்கும் கறண்டு போகுமா மனே?"

ஆசிரியர் சட்டைப் பையிலிருந்து அட்டவணையை எடுத்தார். வைத்தியசாலைக்குக் காலையில், மின்வெட்டு மாலை ஆறு மணிக்குப் பின்னர்.